அப்பாவின் கால், அண்ணனின் விரல்: பாதப்புண் பரம்பரையாக வருமா?

சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு குறித்துச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ‘இது எங்கள் குடும்பத்து ரத்தத்திலேயே ஊறியதா?’ என்ற ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. அவற்றிலிருந்து ஐந்து கடிதங்களைச் சுருக்கி, பதிலுடன் தருகிறேன்.

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் தகப்பனாருக்கு 61 வயதில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அண்ணனுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடதுகால் பெருவிரல் போயிற்று. இருவருக்குமே கால் ஆணியை பிளேடால் சீவிய இடத்தில்தான் புண் தொடங்கியது. எனக்கு 48 வயது; ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. அடுத்தது நான்தான் என்று உறவினர்கள் என் காதுபடவே பேசுகிறார்கள். இது பரம்பரையாக வருவதா?
— ஒரு வாசகி, மன்னார்குடி அருகில்

பதில்: அம்மா, உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. சர்க்கரை நோய் பரம்பரையாக வருமா என்பது ஒன்று. சர்க்கரை நோய் வந்தவர்களுள் யாருக்குக் காலில் புண் வரும் என்பதையும் பரம்பரைதான் தீர்மானிக்கிறதா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை தெளிவானது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் குடும்பங்களில் தொடர்வதை நம் பாட்டிமார்களே அறிந்திருந்தார்கள். மரபணு அளவில் அதற்கு வலுவான சான்று 2006ஆம் ஆண்டு ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் வழியாகக் கிடைத்தது, டி.சி.எஃப்.7.எல்.2 என்னும் மரபணுவில் அவர்கள் கண்ட மாறுபாடு பின்னர் பல நாட்டு மக்களிடமும் உறுதி செய்யப்பட்டது. அதன்பின் நூற்றுக்கணக்கான மாறுபாடுகள் அந்தப் பட்டியலில் சேர்ந்துள்ளன. ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. எல்லாம் கூடும்போதுதான் கணிசமாகிறது.

இரண்டாம் கேள்விக்கு அவ்வளவு எளிதாக விடை சொல்ல முடியாது. ஏனென்றால் பாதப்புண் என்பது ஒரே நோயன்று. நரம்பு மரத்துப்போக வேண்டும், அல்லது காலுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைய வேண்டும். அந்தக் காலில் ஒரு கீறலோ, கொப்புளமோ, சூடோ பட வேண்டும். அது கவனிக்கப்படாமல் இருக்க வேண்டும். கிருமி புக வேண்டும். ஆற வேண்டிய சதை ஆறாமல் நிற்க வேண்டும். இந்த நீண்ட சங்கிலியில் நரம்பின் தாங்குதிறன், ரத்தக் குழாயின் வளர்ச்சி, கிருமியை எதிர்க்கும் ஆற்றல், அழற்சியின் (காயம்பட்ட இடம் சிவந்து வீங்கும் எதிர்வினையின்) அளவு ஆகியவற்றில் மரபணுவுக்குப் பங்குண்டு. கீறல் பட்டதற்கும், அதை எட்டு நாள் பார்க்காமல் விட்டதற்கும் மரபணுவின்மேல் பழி போட முடியாது.

இதை எண்ணால் அளந்து பார்த்த ஓர் ஆய்வு உண்டு. ஸ்காட்லாந்தின் டேசைடு பகுதியில் பாதப்புண் கண்ட 699 பேரையும், புண் காணாத 2,695 பேரையும் எடுத்துக்கொண்டு, அவர்களுடைய மரபணுத் தொகுப்பு முழுவதையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டார்கள். ஆறாம் குரோமோசோமில் உள்ள எம்.ஏ.பி.கே.14 என்ற மரபணுவில் டி.என்.ஏ.வின் ஒரேயோர் எழுத்து மாறுபாடு மட்டும் புள்ளியியலின் கடுமையான வரம்பைத் தாண்டிற்று. உயிரணுவுக்கு நெருக்கடி வரும்போது அழற்சிக்கான சைகைகளைக் கடத்தும் புரதத்தை உண்டாக்கும் மரபணு அது. அதே ஆய்வில், பாதப்புண்ணின் மரபுப் பங்கு 0.06 என்று கணக்கிடப்பட்டது. ஒன்று என்பது முழுமை என்றால், இது நூற்றில் ஆறு.

இந்த ஆறு என்ற எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் சற்று நின்று விளக்குகிறேன். உங்கள் காலில் புண் வந்தால் அதில் ஆறு பங்கு மரபணுவால், மீதி உங்களால் என்பது அதன் பொருளன்று. ஒரே பையிலிருந்து எடுத்த விதை நெல்லைத் தலைமடையிலும் கடைமடையிலும் விதைத்து, விளைச்சலில் வித்தியாசம் வந்தால், விதையின்மேல் குற்றம் சொல்ல மாட்டோம்; தண்ணீரைத்தான் சொல்வோம். பத்து ரக விதைகளை ஒரே மடையில், ஒரே உரமிட்டு நட்டு வித்தியாசம் வந்தால், விதையைச் சொல்வோம். ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் தென்படும் வித்தியாசத்தில் எவ்வளவு விதையால் வந்தது என்று கணிப்பதுதான் இந்த எண். பூட்சும் காலுறையும் அணிந்து வாழும் டேசைடு மக்களிடம் எடுத்த எண்ணை, வெறுங்காலோடு வரப்பில் நடக்கும் நமக்கு அப்படியே பொருத்தவும் கூடாது. ஆனாலும் ஒன்று விளங்குகிறது: சர்க்கரை நோய் வருவதில் பரம்பரைக்கு இருக்கும் பிடி, புண் வருவதில் இல்லை.

அப்படியானால் ஒரே வீட்டில் இருவருக்கு எப்படி வந்தது? உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. ‘கால் ஆணியை பிளேடால் சீவிய இடத்தில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்து, காலை வெந்நீரில் ஊற வைத்து, சவர பிளேடால் சீவியதைப் பார்த்து வளர்ந்த மகன், தனக்கு ஆணி வந்தபோது அதையேதான் செய்திருக்கிறார். மரத்துப்போன காலில் பிளேடு எவ்வளவு ஆழம் இறங்கியது என்பது இருவருக்குமே தெரிந்திருக்காது. இரண்டு தலைமுறைக்குக் கைமாறியது மரபணுவா, பிளேடா என்று கேட்டால், என் சந்தேகம் பிளேடின்மேல்தான் விழுகிறது. உறவினர்கள் காதுபடப் பேசுவதை விட்டுவிடுங்கள். ஆணி இருந்தால் மருத்துவமனையில் காட்டிச் சீவிக்கொள்ளுங்கள்; அந்த பிளேடை வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் எதிர்வீட்டுக்காரருக்கு 22 ஆண்டுகளாகச் சர்க்கரை, மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை, இனிப்பையும் விடுவதில்லை. அவருக்குக் காலில் ஒன்றுமில்லை. எல்லாக் கட்டுப்பாட்டோடும் இருந்த என் மனைவிக்குப் பதினோராம் ஆண்டில் புண் வந்து ஆறுமாதம் ஆறவில்லை. இதற்கு மரபணுவைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: தங்கள் ஆதங்கம் நியாயமானது. இருவருக்கும் சர்க்கரை ஒன்றாக இருந்தும் ஒருவர் சதை ஆறுகிறது, மற்றவர் சதை ஆறுவதில்லை என்பதைக் கண்டுதான் ஆய்வாளர்களும் மரபணுவைத் தேடிப் போனார்கள். ஓர் எடுத்துக்காட்டை மட்டும் நெருங்கிப் பார்ப்போம்.

காயம் பட்ட இடத்தில் நுண்குழாய்கள் அறுபடுவதால் அங்கே ஆக்சிஜன் குறைகிறது. அந்தக் குறைவை உணர்ந்து, புதுக் குழாய்கள் வளரட்டும் என்று ஆணையிடும் புரதத்துக்கு ஹெச்.ஐ.எஃப்.-1 ஆல்ஃபா என்று பெயர். ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது உயிரணு இந்தப் புரதத்தை உண்டாக்கிய கையோடு அழித்தும் விடுகிறது. ஆக்சிஜன் குறைந்தவுடன் அழிப்பு நின்று, புரதம் சேர்ந்து, வேலை தொடங்குகிறது. உயிரணு ஆக்சிஜனை உணரும் இந்த விதத்தைக் கண்டறிந்ததற்காகவே கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும்போது, ஆக்சிஜன் குறைந்தாலும் இந்தப் புரதம் நிலைத்து நிற்பதில்லை. ஆணை போகாததால் குழாய் வளர்வதில்லை, புண் வெளுத்துப்போய் அப்படியே கிடக்கிறது. பெரும்பாலோரிடம் இந்தப் புரதத்தின் 582ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கும். சிலரிடம் செரின் இருக்கும். இந்த ஓரிட மாற்றத்துக்கும் பாதப்புண்ணுக்கும் உள்ள தொடர்பைச் சென்னை ஆய்வாளர்களே நம் ஊர் நோயாளிகளிடம் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டிருக்கிறார்கள். அழற்சியோடு தொடர்புடைய ஐ.எல்.-6, டி.என்.எஃப். ஆல்ஃபா, எஸ்.டி.எஃப்.-1 ஆகிய மரபணுக்களின் மாறுபாடுகளும் சென்னையில் ஆராயப்பட்டுள்ளன. கிருமியை அடையாளம் காணும் டி.எல்.ஆர்.4 மரபணுவைக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர்.

இவற்றைப் படிக்கும்போது ஆசிரியரான தாங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வகை ஆய்வுகளில் பல, சில நூறு பேரை மட்டும் கொண்டு நடந்தவை. புண் உள்ளவர்களை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. சர்க்கரையே இல்லாத ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால், கிடைப்பது புண்ணுக்கான மாறுபாடா, சர்க்கரை நோய்க்கான மாறுபாடா என்று பிரித்தறிய முடியாது. சர்க்கரை வந்து மூன்றே ஆண்டுகள் ஆனவர்களோடு ஒப்பிட்டாலும் பயனில்லை. அவர்களுள் பலருக்குப் புண் இனிமேல் வரலாம். தங்கள் எதிர்வீட்டுக்காரரைப் போல, இருபது ஆண்டு கழித்தும் புண் காணாதவர்கள்தான் சரியான ஒப்பீட்டாளர்கள். அத்தகையோரைத் திரட்டுவது கடினம். கால் நன்றாக இருப்பவர் எதற்காக மருத்துவமனைக்கு வரப்போகிறார்? ஓர் ஊரில் தெரிந்த தொடர்பு மற்றோர் ஊரில் தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரபணுவைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. உயரமானவர்களுக்குக் கால் மரத்துப்போகும் வாய்ப்பு அதிகம். முதுகுத் தண்டிலிருந்து கால்விரல் நுனிவரை போகும் நரம்பு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமானது, நீளமான நரம்பே முதலில் கெடுகிறது. பாதத்தின் வடிவம், விரல் வளைவு, சிறுநீரகத்தின் நிலை, புகைப்பழக்கம், சர்க்கரை கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே அது உடலில் எத்தனை ஆண்டுகள் ஒளிந்திருந்தது என்பன எல்லாம் கணக்கில் சேரும். பெண்களுக்கு மெட்டி இறுகிய இடத்தில் புண் தொடங்கியதையும் கண்டிருக்கிறேன்.

ஒரு சிறு சந்தேகம்: எதிர்வீட்டுக்காரர் காலில் ஒன்றுமில்லை என்று சொன்னது யார்? அவர்தானே? மரத்துப்போன கால் தன்னைப்பற்றி எந்தப் புகாரும் சொல்லாது.

கேள்வி: கன்னத்தின் உட்புறத்திலிருந்து பஞ்சில் எச்சில் எடுத்து அனுப்பினால், பாதப்புண் வருமா என்று மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்று சென்னையில் இருக்கும் என் மகன் கூறுகிறான். சில ஆயிரம் ரூபாய் ஆகுமாம். எடுத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் மகனை ஒரு நல்ல எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு) வாங்கித்தரச் சொல்லுங்கள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நீரிழிவுப் பாதத்துக்கான பன்னாட்டுப் பணிக்குழு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நோயாளிகளை ஆபத்தின் அளவை வைத்து நான்காகப் பிரிக்கிறது. உணர்வும் ரத்த ஓட்டமும் சரியாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை போதும். இரண்டில் ஒன்று குறைந்திருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இரண்டும் குறைந்திருந்தாலோ, ஒன்று குறைந்து பாதமும் வடிவம் கெட்டிருந்தாலோ மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. குறைவோடு, முன்பு புண் வந்தோ விரல் எடுத்தோ இருந்தாலும், சிறுநீரகம் முற்றிலும் பழுதாகியிருந்தாலும், ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பிரிவினையில் மரபணுவுக்கு இடமே இல்லை. ஒருமுறை புண் வந்து ஆறியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் வருகிறது. இதைவிட உறுதியாக எதிர்காலம் சொல்லும் எச்சில் சோதனை எதுவுமில்லை.

உணர்வைப் பார்ப்பதற்கு வேண்டியது தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழைதான். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட அந்த இழையை, நோயாளி கண்ணை மூடியிருக்கும்போது, பெருவிரலின் அடியிலும் முன்பாதத்தின் இரு ஓரங்களிலும் வைத்து அழுத்துவோம். வளையும்வரை அழுத்தி, இரண்டு நொடி நிறுத்தி, ‘தெரிகிறதா, எந்த இடம்?’ என்று கேட்போம். காய்ப்பு ஏறிய தோலின்மேல் வைக்கக்கூடாது. இடையே இழையை வைக்காமலேயே ஒருமுறை கேட்பதும் உண்டு. ‘தெரியுது, தெரியுது’ என்று மரியாதைக்குத் தலையாட்டுபவர்கள் அப்போது அகப்பட்டுக்கொள்வார்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவானதால் அந்தப் பெயராலேயே வழங்குகிறது. நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள, வீட்டார் ஒருவர் உங்கள் இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளைச் சுட்டுவிரலால் ஒன்றிரண்டு நொடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். மகன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, எச்சிலுக்குப் பதிலாக இதைச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே திருமணம். அதனால் பாதப்புண் ஆபத்து கூடுமா?
— ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: நெருங்கிய உறவுத் திருமணத்தால் கூடுவது, ஒரே மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால் மட்டும் வெளிப்படும் அரிய நோய்களின் வாய்ப்பே. பாதப்புண் அந்த வகையைச் சேர்ந்ததன்று. தாய், தந்தை இருவருக்குமே சர்க்கரை இருந்தால் பிள்ளைகளுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு மிகவும் கூடும். அதற்கு அவர்கள் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பிள்ளைகள் முப்பது வயதுக்குள்ளேயே ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: நான் நடவு வேலைக்குப் போகிறவள். சர்க்கரை வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உள்ளங்கால் பஞ்சில் நடப்பதுபோல் இருக்கிறது. ‘வெறுங்காலோடு நடக்காதே’ என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். சேற்றில் செருப்புப் போட்டுக்கொண்டு எப்படி இறங்குவது? என் பாட்டிக்கும் கடைசிக் காலத்தில் கால் அழுகித்தான் போனது.
— ஒரு வாசகி, நீடாமங்கலம் வட்டம் (மகள் கைப்பட எழுதிய கடிதம்)

பதில்: சேற்றில் செருப்பு நிற்காது என்பது எனக்கும் தெரியும் தாயி. ஆஸ்பத்திரியில் சொன்னவரைக் குறை சொல்லவில்லை. அவர் நாற்றங்காலில் இறங்கியிருக்க மாட்டார்.

பஞ்சில் நடப்பதுபோல் இருக்கிறது என்றால் நரம்பு மரக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். பாட்டியின் காலை நினைத்துப் பயப்படுவதைவிட, இந்த அறிகுறியைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். என்னிடம் வந்த ஒரு விவசாயியின் கதையைச் சொல்கிறேன். குறுவை நடவின்போது, சேற்றில் கிடந்த நத்தை ஓடு அவர் குதிகாலைக் கீறியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. வாய்க்காலில் காலைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்த் திண்ணையில் படுத்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி, வாசலிலிருந்து திண்ணைவரை சிமெண்டுத் தரையில் பதிந்திருந்த சிவப்புத் தடத்தைப் பார்த்து, ‘தாத்தா, கோலமா?’ என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கே அழைத்து வந்தார்கள். மூன்று வாரத்தில் ஆறிற்று. பேத்தி கேட்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முடிந்தால் சேற்றில் இறங்காத வேலைக்கு மாறிக்கொள்ளுங்கள். நாற்றுக்கட்டுவது, களத்துமேட்டில் தூற்றுவது போன்றவற்றைக் கேட்டு வாங்குங்கள். மாற வழியில்லை என்றால், இறங்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். காலோடு ஒட்டிய மெல்லிய ரப்பர் காலணி கிடைத்தால் நல்லது. ஆனால் அளவு பெரிதான பூட்ஸ் உள்ளே உராய்ந்து அதுவே புண்ணாக்கும். வரப்பு ஏறியதும் செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். கருவை முள்ளெல்லாம் வழியில்தான் கிடக்கிறது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் பழந்துணியால் ஒற்றி எடுங்கள். சேற்றுப்புண் இருந்தால் அதன் வழியாகத்தான் கிருமி உள்ளே போகும். அதை அற்பமாக நினைக்காமல் மருந்து போடுங்கள். உள்ளங்கால் பார்க்கக் குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்து அதன்மேல் காலைக் காட்டிப் பாருங்கள், அல்லது மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்கிறது என்று வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். சூடு உங்களுக்குத் தெரியாது. இரவில் தரையில் படுக்காமல், கால்மாட்டைப் போர்த்திப் படுங்கள். மரத்துப்போன விரலை எலி கடித்தது விடிந்துதான் தெரிந்தது என்று வருபவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொடுக்க வரும் ஊழியரிடம், மாத்திரையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல், காலை நீட்டிக் காட்டுங்கள். கீறல் பட்டு, சுற்றிலும் சிவந்தோ வீங்கியோ நாற்றம் வந்தோ இருந்தால் அதே நாளில் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சுண்ணாம்போ மஞ்சளோ தடவிக்கொண்டு வெள்ளிக்கிழமை போகட்டும், கூலி வாங்கியபின் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கடிதத்தை எழுதிக்கொடுத்த மகளுக்கும் ஒன்று: அம்மாவின் காலை இன்றிரவு விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, என்ன கண்டாய் என்று எனக்கு எழுது.